பெயர் போடாத தட்டு

வேக்ஃபீல்டு கடைத்தெருவில், ஊரார் கழித்துப்போட்ட சாமான்களைத் தர்ம காரியத்துக்காக விற்கும் கடை ஒன்றில் கிளெனிஸ் ஆர்மிடேஜுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. அறுபத்துநான்கு வயதில், பிறத்தியார் கோட்டுப் பைகளைத் துழாவி அழுக்குக் கைக்குட்டைகளை எடுத்தெறிவதுதான் அவளுக்கு வாய்த்தது.

பழைய இசைத்தட்டுகளைக் கிளற வாராவாரம் வரும் டெஸ்மண்ட் அந்தச் செவ்வாய்க்கிழமை கத்தியே விட்டான்.

"அட கடவுளே, ஈரச்சுவர்! இருபது வருஷமா தேடுறேன் இதை!"

அவன் கையில் சின்னத் தட்டு ஒன்று. ஜெராக்ஸ் தாளை மடித்து ஒட்டிய உறை. 1980இல் அதை ஒட்டியவளே கிளெனிஸ்தான். ஈரச்சுவர் என்ற இசைக்குழுவில் இரண்டே பேர்: கிளைவின் கிட்டார், இவள் குரல், தாளத்துக்கு ஒரு மலிவு எந்திரம். வேலையற்றோர் உதவித்தொகை வரிசையில் கால்கடுக்க நின்றபோது இவள் எழுதிய பாட்டு. ஐந்நூறு தட்டு அடித்தார்கள். பாதி கட்டிலுக்கடியில் நனைந்து பாழானது.

"அதுல பாடினது நான்," என்றாள்.

"சரிதான், அப்ப நான்தான் இங்கிலாந்து ராஜா!" டெஸ்மண்ட் சிரித்தான். "பாடின பொண்ணு யாருன்னே தெரியாதுங்க. கிளைவே பேட்டியில சொல்லிட்டாரு. இந்தத் தட்டை மறுபடி போடப்போறாங்க. புது உறையில பாட்டு, இசை எல்லாம் கிளைவ். குரல் யாரோ ஒரு பொண்ணு."

அவள் அங்கேயே இரண்டு வரி பாடினாள். நாற்பது வருஷத்து சிகரெட் தொண்டையில் கரகரத்தது.

"நல்லாத்தான் பாடுறீங்க," என்று அவன் இரக்கப்பட்டான். "ஆனா அது வேற குரலுங்க. உறையில உங்க பேரு எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

எங்கே இருக்கும்? சொந்தக் காசில் தட்டு அடித்த அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் போடாதது ஒரு விரதம். தட்டு அடிக்க ஆன செலவை உறையிலேயே போடுவார்கள், நீயும் ஒன்று போடு என்று வழி சொல்வார்கள், பெயரை மட்டும் போடமாட்டார்கள். பெயர் போட்டால் நட்சத்திர ஆசையாம்! அச்சுக்குப் போகுமுன் இரண்டு பெயர்களையும் வெள்ளை மை பூசி அழித்த மகராசி இவளேதான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. கொள்கையாம், கொள்கை!

தட்டு போடும் கம்பெனியை மூன்று வாரம் நச்சரித்து கிளைவின் போன் நம்பரை வாங்கினாள்.

"நான் கிளெனிஸ்."

"அட, உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன். பாட்டு என்னோடது, குரலும் என்னோடது. என் பேரைப் போடச் சொல்லு."

"பேரு எழுதினதுக்கு எல்லார் முன்னாடியும் என்னை விலைபோனவன்னு திட்டினியே, மறந்துட்டியா? உன் கொள்கையத்தான் இன்னிக்கு வரைக்கும் காப்பாத்தியிருக்கேன்."

"அப்ப உன் பேரு மட்டும் எப்படிடா வந்துச்சு, வெக்கங்கெட்டவனே?"

"நான் அன்னிக்கே பேரு வேணும்னுதானே சொன்னேன், கிளெனிஸ். வேண்டாம்னது நீ."

அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். பொய்யில்லையே. 

"உறையெல்லாம் போன வாரமே அச்சாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.