சௌடேஸ்வரியும் திங்கள் புதன் வெள்ளியும்

அருப்புக்கோட்டையில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் சௌடேஸ்வரியிடம் திட்டு வாங்கியவர்கள். பந்தல்குடி ரோட்டோரக் காலி மைதானத்தில் காலை ஆறு மணிக்கு அவளுடைய ஸ்கூட்டி வகுப்பு ஆரம்பம். வீட்டில் பேசுவது கன்னடம், மைதானத்தில் தமிழ். "கன்னடத்துல திட்டுனா எனக்கே பாவமாயிருக்கு" என்பாள்.

முப்பத்தாறாவது வயதில், ஒரு மே மாதக் காலையில், இடது கண்ணில் புகை மூட்டம் போட்டது. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு ஹெல்மெட்டையே கழற்றிப் பார்த்தாள். எதிரே வண்டியில் வந்த பெண் அப்போதும் பாதிதான் தெரிந்தாள். அடுத்த வாரம் கடைத்தெருவில் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டு, "ஏம்மா, ஒரு செருப்பு இங்கயே கெடக்கு" என்றார்கள். வலது கால் செருப்பு கழன்றது அவளுக்குத் தெரியவேயில்லை. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நாலு கடை தாண்டியிருந்தாள்.

மதுரையில் நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். நோயை விரட்ட வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுப்போய்ச் சொந்த நரம்பின் மேலுறையை அரிக்கிறதாம். கணவன் ரங்கராஜ் எலெக்ட்ரிகல் கடைக்காரன். "வயரை எலி கடிச்ச மாதிரியா சார்?" என்று கேட்டான். ஏறக்குறைய அப்படித்தான் என்றார் டாக்டர். அவனுக்குப் புரிந்தது அது ஒன்றுதான். அதையே போனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னான். சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் நாலு பேர் நின்றார்கள்: "எலி எங்க கடிச்சுச்சு? தடுப்பூசி போட்டாச்சா?"

குளுக்கோஸ் பாட்டிலோடு ஏறிய மருந்தில் கண் தெளிந்தது. ஆனால் நோய் போகாது. மறுபடி தாக்காமல் இருக்க திங்கள், புதன், வெள்ளி ஊசி போட வேண்டும், அதுவும் வீட்டிலேயே. வெயிலில் கண் மங்கலாம், மங்கினால் வண்டியில் ஏறக் கூடாது என்றார் டாக்டர்.

"எங்க ஊர்ல வெயில் இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்கா சார்?"

அவர் சிரிக்கவில்லை.

முதல் ஊசியை நானே போடுகிறேன் என்றான் ரங்கராஜ். நர்ஸ் சொன்னபடி மருந்தை அரை மணி நேரம் முன்னாலேயே ஃபிரிட்ஜிலிருந்து, இட்லி மாவுக்குப் பக்கத்திலிருந்து, எடுத்து வைத்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். மூடியைக் கழற்றி ஊசி முனையைப் பார்த்தான். அப்படியே ஃபிரிட்ஜ் கதவோடு சரிந்து தரையில் உட்கார்ந்தவன் கண்ணைத் திறக்கவில்லை. சௌடேஸ்வரி அவன் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு, புது ஊசி ஒன்றை எடுத்து, தொடைச் சதையைக் கிள்ளிப் பிடித்துத் தானே குத்திக்கொண்டாள். கட்டெறும்பு கடித்தது போல எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது.

அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வலிக்காக இல்லை. இந்த வாரம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று போகிற இதற்குக் கடைசித் தேதி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெகுநேரம் கழித்துக் கதவுக்கு வெளியே ரங்கராஜின் குரல் கேட்டது.

"டேங்க் காலியாகப் போகுது. மோட்டார் போடவா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடுங்க" என்றாள்.

தொடை, வயிறு, இடுப்பு, கை என்று இடம் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டு ஏழெட்டு மாதம் ஓடியது. தை மாதத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் புதன்கிழமையில் விழுந்தது. ஐஸ் வைத்த டிபன் பையில் மருந்தோடு போனாள். தாலி கட்டி முடிந்ததும் தாம்பூலப் பைகள் அடுக்கியிருந்த அறைக்குள் புகுந்தாள். தாழ்ப்பாள் சரியில்லை. வயிற்றில் ஊசியைப் போட்ட மறு நிமிஷம் முகம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. நெஞ்சு இறுகியது, மூச்சு வாங்கியது, கை கால் உதறியது. எப்போதாவது இப்படி வரும், கால் மணி நேரத்தில் அடங்கிவிடும் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் செத்துப்போகப் போகிறோம், அதுவும் தேங்காய்ப் பைகளுக்கு நடுவில், என்றே நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பை எடுக்க வந்தாள் வேணி அத்தை. குங்குமமாய்ச் சிவந்த முகம், உதறுகிற உடம்பு, போதாததற்குப் பேரும் குலதெய்வத்தின் பேரான சௌடேஸ்வரி.

"ஆத்தா வந்துட்டா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் அத்தை. "தாயீ, எம் மகன் கார்த்தீஸ்வரனுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?"

"ஃபேனைப் போடு" என்று திணறினாள் சௌடேஸ்வரி.

அத்தை பயபக்தியோடு சுவிட்சைத் தட்டினாள். "இன்னும் சொல்லு தாயீ!"

"அவன் மொதல்ல... வேலைக்குப் போகட்டும்."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தி நெற்றி நிறையத் திருநீறு பூசினாள், இன்னொருத்தி கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ரங்கராஜ், "மருந்து செய்யிற வேலைங்க, காத்து விடுங்க!" என்று கத்திக்கொண்டே மதுரைக்குப் போன் போட்டான். வாட்ச்சைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இந்த முறை மயங்கவில்லை. நர்ஸ் சொன்ன மாதிரி கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது.

சௌடேஸ்வரி எழுந்து, காலி ஊசியைத் தூக்கிக் காட்டி, நோயின் பேரிலிருந்து எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்துக்குச் சொன்னாள். அதுவரை உறவுக்குள் யாருக்கும் அவள் முழுசாகச் சொன்னதில்லை. சொன்ன பிறகு மனசு லேசானது. வேணி அத்தை மட்டும் நம்பவில்லை. "ஊசி வழியாக்கூட வருவா" என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாளே மகனை மில் வேலைக்குத் துரத்திவிட்டாள். அவன் இன்றைக்கும் சௌடேஸ்வரியோடு பேசுவதில்லை.

விஷயம் ஊரில் பரவியதும் வகுப்பிலிருந்து மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அது வலித்தது. மிச்சமிருந்தவர்களிடம், "எனக்குக் கண்ணு மங்குற அன்னிக்கு நான் வண்டியைத் தொட மாட்டேன். இஷ்டம்னா இருங்க" என்றாள். இருந்தார்கள்.

ரெண்டு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் புதுப் பாதிப்பு எதுவும் இல்லை. வலது பாதத்தில் மட்டும் உணர்ச்சி இன்னும் முழுசாய்த் திரும்பவில்லை, செருப்புக்கு வார் வைத்துத் தைத்திருக்கிறாள். சித்திரை வெயில் சீக்கிரமே ஏறுகிற நாட்களில் மைதானத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, தலையில் ஈரத்துண்டோடு உட்கார்ந்துகொள்கிறாள். கத்துகிற சத்தம் பந்தல்குடி போகிற பஸ்ஸுக்குள்ளேயே கேட்கிறது.