நான் சொல்ல வைத்த சாட்சி

என் மனைவி எஸ்தரைச் சபைக்கு முன்னால் பொய் சொல்ல வைத்தவன் நான். அதை மறைத்துவிட்டு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சபையில் நான் கமிட்டி அங்கத்தினன்.

எஸ்தருக்குக் கழுத்து, தோள், இடுப்பு எங்கே தொட்டாலும் வலி. தூக்கமில்லை. காலையில் அடித்துப் போட்டவள்போல எழுந்திருப்பாள். ரத்தம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். நோய் இல்லாத வலி அவிசுவாசம்தான் என்று நான் முடிவு கட்டினேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கச் செய்தேன். விடியற்காலை ஜெபத்தில் சிமென்ட் தரையில் முழங்காலில் நிறுத்தினேன்.

லெந்து என்னும் தவக்காலத்தில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாள், உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றாள். அந்த ஞாயிறே சபையில் எழுந்து, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சாட்சி சொல்லச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு நாள் பாப்போமேங்க."

"விசுவாசம் ரெண்டு நாள் பாக்காது. சொன்னாத்தான் சுகம் நிலைக்கும்."

பூரண சுகம் என்று சபையில் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அவளுடைய வலி மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன்.

அந்த வாரமே வலி திரும்பியது. ஆனால் சுகமானதாகச் சாட்சி சொன்னவள் முனகக் கூடாதே. சபையில் ஒரு அம்மாள், "என்ன சிஸ்டர், சாட்சி சொன்ன முகமா இது?" என்று சிரித்துக்கொண்டே குத்துவார். எஸ்தரும் சிரித்து வைப்பாள். வருஷக்கணக்கில் இப்படியே போனது. அவள் பேச்சு குறைந்தது. சோம்பேறி என்று நான் திட்டினேன்.

ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வந்தது தெரியவில்லை. "சுகம் வேண்டாம் ஆண்டவரே. என்னை எடுத்துக்கிடும். இவருக்கு அவமானம் இல்லாம எடுத்துக்கிடும்" என்று மெதுவாக ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை, அவளைக் குணமாக்கும் என்றே ஜெபித்திருந்தேன். அன்று, என்னைத் திருத்தும், இவளை விட்டுவையும் என்று அழுதேன்.

பட்டணத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் உடம்பில் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார். ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். "எக்ஸ்ரேல தெரியாது. ஆனா வலி நிஜம்தாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எஸ்தர் தேம்பி அழுதாள். முழுதாகப் போகாது, மட்டுப்படுத்தலாம் என்றார். நேரத்துக்குத் தூக்கம், வெந்நீர்க் குளியல், தினமும் கொஞ்சம் நடை, வேலையைப் பிரித்துச் செய்வது. பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல தண்ணி தூக்குறது யாரு?" என்றார். அவள்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்து குழாயடிக் குடங்கள் என்னுடையவை. விடியற்கால முழங்கால் ஜெபத்தை நிறுத்தி அவளைத் தூங்கவிட்டேன். முதலில் தெருமுனை வரை நடந்தோம். பிறகு மெல்ல டீக்கடை வரை. கடைக்காரர், "இன்னா சார், அம்மாவ இட்டுகினு டெய்லி ஊர்வலமா?" என்பார். "ஊர்வலம் அவருக்கு. நான் கூட வாரேன், அம்புட்டுதான்" என்றாள் எஸ்தர். அவள் வேடிக்கையாகப் பேசி எத்தனை காலமாகிவிட்டது.

ஒரு ஞாயிறு சபையில் எழுந்து நின்றேன். "அன்று எஸ்தர் சொன்ன சாட்சி என்னுடைய பொய். அவளுக்கு இன்னும் வலி இருக்கிறது" என்றேன். அடுத்த கமிட்டியில் என் பெயர் இல்லை. நியாயம்தான். ஆனால் ஆராதனை முடிந்ததும், முகத்தைப் பார்த்துக் குத்திய அதே அம்மாள் எஸ்தரின் கையைப் பிடித்தார். "நானும் சுகம்னு சொல்லிட்டேன் சிஸ்டர். மூட்டுவலி இன்னும் போகல" என்றார். எஸ்தர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

மழைக்காலத்தில் இன்றும் சில காலைகளில் அவளால் எழுந்திருக்க முடிவதில்லை. ஆனாலும் தூங்குகிறாள், நடக்கிறாள். சாவைக் கேட்பதில்லை. என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் இதுதான். பிரியமானவர்களே, ஆண்டவரிடம் நன்றாக இருப்பதாக நடிக்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள், அவர் கேட்கிறார்.

எஸ்தர் இப்போது சத்தமாகவே ஜெபிக்கிறாள்: "ஆண்டவரே, இன்னைக்கு ரொம்ப வலிக்கு."

பக்கத்தில் இருந்து நான் ஆமென் சொல்கிறேன்.