இடது கைக்குப் பூட்டிய பிரஸ்

வலது தோள் மெலியத் தொடங்கியபோதுதான் துப்பாக்கி ரவைகளை வீட்டிலேயே செய்யவேண்டும் என்று மகன் சொன்னான். அவனுக்குத் தசை நோய். இலக்குச் சுடும் கிளப்பில் நெடுநாள் இருந்தவன். அனுமதிப் பத்திரம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தான். கடை ரவையின் உதைப்பை அந்தத் தோளால் தாங்க முடியவில்லை. வெடிமருந்தைக் குறைத்துத் தானே நிரப்பினால் இன்னும் ஒரு போட்டியாவது சுடலாம் என்பது அவன் ஆசை.

மனைவி என்னிடம்தான் பாய்ந்தாள்.

“இதுக்குப் பயந்துதானே ஊரைவிட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப வீட்டுக்குள்ளையே வைச்சுச் செய்யப் போறியளோ?”

“அம்மா, நான் கடதாசி இலக்கைத்தான் சுடுறனான்,” என்றான் மகன். “கடதாசியைச் சுட்டால் ஆமி தேடி வராது.”

கடையில் ரவை நிரப்பும் கை இயந்திரம், பிரஸ், இரண்டு வகை இருந்தன. ஒன்றில் ஒரே இழுவைக்கு நாலு வேலை நடக்கும். எங்கே பிழைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பயந்து, ஒவ்வொரு வேலையாகச் செய்யும் மற்றதைக் காட்டினேன். அவன் பார்த்தது கைப்பிடியின் நீளத்தை மட்டும்தான். “நீளம் கூடினால் கொஞ்சப் பெலன் போதும், அப்பா.”

நான் காட்டியதையே வாங்கி, நாங்கள் குடிவந்த மிச்சம் என்ற ஊரில், எங்கள் வீட்டுச் சின்ன அறையில் பூட்டினோம். மேசை ஆடியது. கால்களைச் சுவரோடு சேர்த்து ஆறு ஆணி முடுக்கினேன். பிரஸ்ஸை மேசையின் இடது ஓரத்தில் வைத்தேன். அவனுக்கு இடது கையில் இன்னும் பெலன் இருந்தது. வெடிமருந்து நிறுக்கும் தராசு மட்டும் பூச்சியத்தில் நிற்கவில்லை. மூன்று தரம் சரிசெய்தும் கூடுதலாகவே காட்டியது. பிறகு பார்த்தால் தட்டில் திருநீறு. பிரஸ்ஸின் நெற்றியில் சந்தனப் பொட்டு.

“புதுச் சாமான் எண்டால் வைக்கத்தானே வேணும்,” என்றாள் மனைவி, எங்கள் முகத்தைப் பாராமல்.

மகன் சிரித்துச் சிரித்து இருமினான். தட்டைத் துடைத்தான். பொட்டைத் துடைக்கவில்லை.

எல்லாம் பூட்டி முடிக்க மாசி வந்துவிட்டது. முதல் வேலை, சுட்டு முடிந்த ரவையின் வெறும் பித்தளைக் கோதைப் பழைய அளவுக்கு நெருக்குவது. அதற்குத்தான் பெலன் கூட வேண்டும். அவன் இடது கையால் இழுத்தான். கைப்பிடி பாதியில் நின்றது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். பிறகு கதிரையில் சாய்ந்தான்.

“நீங்கள் இழுங்கோ, அப்பா. நான் எண்ணுறன்.”

வீட்டுப் படி, பஸ் தரிப்பு, மாத்திரை, எல்லாம் எண்ணுகிறவன் நான். அன்று எண்ணும் வேலையை அவனிடம் விட்டேன். நெருக்கியதை ஐம்பது துளைத் தட்டில் ஒவ்வொரு கோதாக நான் வைக்க, அவன் உரத்துச் சொன்னான். முப்பத்தேழில் குரல் அடங்கியது. “மிச்சம் நாளைக்கு,” என்றான்.

மறுநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வரவில்லை.

துப்பாக்கியையும் வெடிமருந்தையும் பொலிஸார் வந்து கொண்டுபோனார்கள். பிரஸ்ஸுக்கு அனுமதி தேவையில்லையாம், அது வெறும் இரும்பு என்றார்கள்.

சென்ற கிழமை அந்த அறைக்குப் போய், மிஞ்சியிருந்த பதின்மூன்றில் ஒரு கோதை எடுத்து வைத்துக் கைப்பிடியை இழுத்தேன். எண்ண ஆளில்லை.

“முப்பத்தெட்டு,” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். மனைவி சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

கைப்பிடியை மேலே விடாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.