சும்மாதான் வந்தேன்

பெடாஸ் பக்கம் எங்க தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில இப்போ வெளக்கு எரியறது என் வீட்டுல மட்டும்தான். மத்தவங்கெல்லாம் டவுனுக்குப் போயிட்டாங்க. எனக்குச் செண்டாயான் பேக்டரியில கம்ப்யூட்டர் பாக்கிற வேலை. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமைன்னா வாசல்ல மோட்டார் சைக்கிளா நிக்கும். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு தொறந்து வச்சிருக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் காசு வாங்காம ஏத்திக் கொடுப்பேன். அதை எழுதியிருக்கிற வரிங்க, அதான் சோர்ஸ் கோடு, அதையும் பென்டிரைவ்ல போட்டுத் தருவேன், அப்படித்தான் கொடுக்கணும்னு அதோட லைசென்ஸ்லயே இருக்கு. ஏறி முடியற வரைக்கும் உக்காந்து தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு ஊர்க்கதை பேசுவாங்க. எனக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

அப்புறம் வெளிநாட்டுல ஒரு கம்பெனி, அந்தக் கோடுல கொஞ்சம் எங்களோடது, எங்களைக் கேக்காம யாரும் கொடுக்கக்கூடாதுன்னு கேஸ் போட்டுச்சு. எந்த வரின்னு சொல்லித் தொலைக்கல. சிரம்பான்ல ஒரு வக்கீலைப் போய்க் கேட்டேன்.

"தப்புன்னும் சொல்ல முடியாது, சரின்னும் சொல்ல முடியாது. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. தீர்ப்பு வரட்டும், அதுவரைக்கும் நிறுத்தி வைங்க லா"ன்னாரு. இதைச் சொல்ல ஒரு வக்கீலு.

நிறுத்தினேன். ஆளுங்க வர்றதும் நின்னு போச்சு. சத்தம் கேட்டு எட்டிப் பாத்தா செம்பனைக் காய் ஏத்தின லோரி போகும். வீட்டுக்குள்ள என் குரலே எனக்குப் புதுசா இருந்துச்சு.

ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டுல இருந்து ரஹாங்குக்குக் குடிபோன அக்கா சர்ச்சு முடிஞ்சு வந்தாங்க. கையில பொரிச்ச வாழைப்பழப் பொட்டலம்.

"என்னக்கா, இவ்ளோ தூரம்?"

"சும்மாதான்மா வந்தேன்."

சும்மா வந்தேன்னு சொல்றவங்க என்னைக்குச் சும்மா வந்திருக்காங்க? எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "கோடு இப்ப யாருக்கும் கொடுக்கிறதில்லக்கா, கேஸ் இருக்கு"ன்னு வாசல்லயே சொல்லிட்டேன்.

அக்கா முகம் சுண்டிப் போச்சு. "என்னம்மா கோடு? ஒன்னையப் பாக்கத்தான் வந்தேன்." பொட்டலத்தை மேசையில வச்சாங்க. தேத்தண்ணி போடறேன்னு சொல்லியும் நிக்கல.

அடுத்த ஞாயிறு மனசு கேக்காம மோட்டாரை எடுத்துக்கிட்டு ரஹாங் போனேன். அக்கா கதவைத் தொறந்தாங்க.

"என்னம்மா, திடீர்னு?"

"சும்மாதான் வந்தேன்க்கா."

நாற்காலியை இழுத்துப் போட்டாங்க.

"பரவால்ல, சொல்லும்மா. என்ன வேணும்?"