புளி போட்டுத் துலக்கிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டமே கூடி நின்று, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டியது.

பிடிக்கவில்லை. கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் வருவது வாரா வாரம் இதைப் படிக்கிறவர்களுக்குப் புதிதா என்ன? ஜோகூர் பாருவில் என் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்து விடுகிறவர்களைக் கேளுங்கள்... இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

விஷயம் இதுதான். என் மகள் செல்லத்துக்கு ஏழாம் மாதம். அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கி, விருந்து முடித்து, ராகுகாலத்துக்கு முன்னால் பெண்ணைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். என் மனைவி அறைக்கு வெள்ளையடித்து, ஊறுகாய் வரைக்கும் போட்டு வைத்திருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதில் பேச்சே கிடையாது.

சம்பந்தி அந்தத் தோட்டத்துக் கங்காணி. அவர் தொண்டையைக் கனைத்தால் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மனிதர்.

என் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழசாக வாங்கியது. இருந்த பெயிண்டை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு நானே கருஞ்சிவப்பு அடித்தேன். ஒரு பூச்சு காய்ந்ததும் தேய்த்து, அதன்மேல் இன்னொரு பூச்சு, அதையும் தேய்த்து, அதன்மேல் இன்னொன்று... கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். செய்தும் இருக்கிறேன்.

சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீர்க் குழாயடியில் என் கார். அதைச் சுற்றி நாலைந்து பெண்கள். நடுவில் சம்பந்தியம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

செம்மண் பாதையில் வந்த கார். ஒரே சேறு. "மருமக சேத்துக் காடியில பொறந்த வீட்டுக்குப் போவக் கூடாது, நல்லா பளபளன்னு தேய்ங்க" என்று கங்காணி உத்தரவு போட்டிருக்கிறார். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் பெண்களுக்கு ஒரு பொருளைப் பளபளப்பாக்க என்ன வழி தெரியும்? குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் செய்கிற அதே வழி. புளி. செங்கல் தூள். தேங்காய் நார்.

மூன்றும் என் கார்க் கதவுகள்மேல் இருந்தன!

ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். மயிரிழை மயிரிழையாகக் கீறல். அதுவாவது போகட்டும். செங்கல் தூளில் ஏதோ கல் கிடந்திருக்கிறது — முன் கதவிலிருந்து பின் கதவு வரைக்கும் ஆழமாக ஒரு கோடு. நகம் வைத்தால் நகம் இறங்கியது.

"யோவ் கங்காணி!" என்று கத்தினேன். "கண்ணு இருக்காய்யா உனக்கு? இது காடியா, இல்ல உங்க வீட்டுக் குண்டானா?"

பெண்கள் தேங்காய் நாரைக் கீழே போட்டுவிட்டு விலகினார்கள்.

சம்பந்தியம்மாள்தான் மெல்ல வாயைத் திறந்தார். "பித்தளை மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு அண்ணே... அதான்..."

"பித்தளையா? என்னம்மா பேசறீங்க, பித்தளையாம்!"

கங்காணி அசையவில்லை. தன்னிடம் வேலை செய்கிற அத்தனை பேர் முன்னாலும் அவரை "யோவ்" என்றிருக்கிறேன். அது கதவில் விழுந்த கோட்டைவிட ஆழமாக இறங்கியிருந்தது.

"சம்மந்தி," என்றார். குரல் உயரவே இல்லை. "பொண்ணு எங்கேயும் வரல. நீங்க உங்க காடியக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கே பிரசவம் பாருங்க."

யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார். என் மகள் இரண்டு கையும் நிறைய வளையலோடு வாசலில் நின்று முறைத்தாள். என் மனைவி பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "பொண்ணு இல்லாம இந்தக் காடி நம்ம வாசலுக்கு வந்து நின்னுச்சுன்னா..."

 

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்குக் கேட்டுப் பழக்கம் கிடையாது. கோபம் வந்தால் என் கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். காரின் பின்னாலிருந்து என் பெட்டியை எடுத்தேன். சட்டையைக் கழற்றிப் போட்டேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துண்டு சவுக்காரம், வாட்டர் பேப்பர் — அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள். கீழே கிடந்த ரப்பர் ஷீட் துண்டு ஒன்றை மடித்து, அதன்மேல் தாளைச் சுற்றினேன்.

கார் வைத்திருக்கிற வாசகர்கள் இங்கே கொஞ்சம் கவனியுங்கள். கீறலை எடுப்பது என்றால் கீறலை அடைப்பது என்று நினைக்கிறீர்கள். இல்லை. கீறல் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சுற்றியிருக்கிற பெயிண்டை எல்லாம் தேய்த்து இறக்க வேண்டும். நேர்கோட்டில் தேய்க்க வேண்டும், வட்டம் போடக் கூடாது. தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெயிண்ட் கனமாக இருந்தால்தான் இது நடக்கும். மெல்லிசாக இருந்தால் தகரம் பல்லை இளிக்கும். என் காரில் கனம் இருந்தது. நான் அடித்ததாயிற்றே!

இது எனக்குத் தெரியும். தோட்டத்துக்குத் தெரியுமா?

அவர்கள் கண்டது என்ன? சம்பந்தியோடு சண்டை போட்ட ஒரு ஆள், சட்டையைக் கழற்றிப்போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் சொந்தக் காரையே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான்!

"அலமாக்! உப்புத்தாள்டா!"

"கோவம் தலைக்கு ஏறிடுச்சுப்பா."

"சேப்புத் தண்ணி ஊத்துது பாரு, காடிக்கு ரத்தம் வருது!"

கதவிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வழிந்தது. பளபளப்பு முழுக்கப் போய், கதவு சாம்பல் பூசியதுபோல் ஆனது. அப்படித்தான் ஆகும். நான் தலை நிமிரவே இல்லை. பின் கதவுக்குப் போனேன்.

என் கையை ஒரு கை பிடித்தது. கங்காணி.

"சம்மந்தி, போதுங்க. விட்டுடுங்க."

"கையை விடுய்யா. வேலை கெடுது."

"என்னை நாலு வார்த்தை திட்டிக்குங்க. அடிக்கணும்னா அடிங்க. ஆசையா வச்சிருந்த காடி... அத ஒண்ணும் செய்யாதீங்க." மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி மனைவியிடம் கத்தினார். "ஏ புள்ள! நின்னுக்கிட்டு என்ன பாக்குற? மருமகளைக் கூட்டியா! பொட்டிய எடு! இந்த மனுசன் காடிய ஒடச்சிப் போட்டுடுவாரு போலருக்கு!"

என்ன நடக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளக்கம் சொன்னேனா? சொல்லவில்லை. பெண் பெட்டியோடு வெளியே வந்து, ஆரத்தி எடுத்து, காரின் பின் ஸீட்டில் உட்காரும் வரைக்கும் வாயையே திறக்காமல் தேய்த்தேன். என்ன, நான் முட்டாளா?

அவள் உட்கார்ந்த பிறகு, நைஸான தாளால் இன்னொரு தரம். பிறகு டப்பாவைத் திறந்து பாலிஷ் களிம்பை எடுத்தேன். பழைய பனியனில் தொட்டு, கதவின் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துத் துடைத்தேன்.

சிவப்பு வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, கண்ணாடிமாதிரி.

கங்காணி குனிந்தார். அதில் அவர் மீசை தெரிந்தது. விரலால் தடவினார். கோடு இல்லை.

"யோவ் சம்மந்தி!" என்று கூவினார். "மின்னுதுய்யா! யோவ், மின்னுதுய்யா!"

லயமே ஓ என்று கத்தியது. மாப்பிள்ளைகூடச் சிரித்தார் — பல் இருக்கிறது அவருக்கு.

கங்காணி சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப நீங்க கோவத்துல தேய்க்கலையா?"

"கோவத்துலதான் தேய்ச்சேன். தேய்க்கத் தெரிஞ்சு தேய்ச்சேன்."

"அடப்பாவி மனுசா! நான் பயந்துபோய்ப் பொண்ணை அனுப்பிட்டேனே!"

"ஏன், எறக்கிக்கிறீங்களா?"

"எங்க எறக்குறது? அதுதான் உள்ள ஒக்காந்து மொளகு முறுக்கு திங்குதே!" என்றவர், என் கையிலிருந்து பனியனைப் பிடுங்கினார். "குடுய்யா இப்படி."

பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கதவு. அவர் வட்டமாகத் தேய்த்தார், நான் திட்டினேன். நான் களிம்பை அதிகம் எடுத்தேன், அவர் திட்டினார். நாலு மணிக்குள் முடித்துவிட்டோம். ராகுகாலத்துக்கு அரை மணி பாக்கி.

ஒன்று கவனித்தீர்களா? நான் "யோவ்" என்றபோது அது கீறல். அவரும் "யோவ்" என்றதும் அது சரியாகிவிட்டது. மரியாதை இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு இறங்கிய பிறகு அங்கே பள்ளம் ஏது? சம்பந்தி சண்டைக்கு நடுவர் வைத்து, தாம்பாளம் வைத்து, மாதக்கணக்கில் சமாதானம் பேசுகிறார்கள்... கனமுள்ள மனிதர்களாக இருந்தால் கொஞ்சம் தேய்ந்து கொடுத்தால் போதும். மெல்லிசு மனிதர்களுக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

மருமகளை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவேன் என்று கங்காணியும் முன் ஸீட்டில் ஏறிக்கொண்டார். வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டிக் கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பள்ளம் மேடு பார்த்து மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினேன். தோட்டத்துப் பாதையைத் தாண்டுவதற்குள் ஒரு ரப்பர் மரக் கிளை பக்கவாட்டில் உரசியது. கிர்ர்ர்...

"ஐயய்யோ, கீறிடுச்சு சம்மந்தி! நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க லா!"

நிறுத்தவில்லை. பின்னால் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.