வால் முளைத்த வினைச்சொற்கள்

இங்கிலீஷ் வினைச்சொற்களுக்கு வால் முளைப்பது போல எரிச்சல் தரும் விஷயம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. லுக் என்றால் பார். சரி. லுக் ஆஃப்டர் என்றால் கவனித்துக்கொள். லுக் இன்ட்டு என்றால் விசாரி. லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாக நினை. மலேசியாவில், கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு இதை ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொந்த அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பது இருக்கிறதே, அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

அக்கா தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த, நாங்கள் பிறந்த அதே லைன் வீட்டில் இருக்கிறாள். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கித் தூக்கி அவள் தோள்பட்டை போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேலை இல்லாவிட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மிச்சம் இருந்த ஒரே வழி, தோட்டத்து டீக்கடை. டூரிஸ்ட்டுகள் மலையைப் பார்த்தபடி டீயோடு ஸ்கோன் என்ற வெள்ளைக்கார பன் சாப்பிடும் இடம். அங்கே ஓர் ஆள் தேவை, ஆனால் இங்கிலீஷ் பேச வேண்டும் என்றார்கள்.

டூரிஸ்ட்டுகள் பேசுவதெல்லாம் வால் வைத்த இங்கிலீஷ்தான். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போவேன்.

"ரன் அவுட்னா தீந்துபோறதுக்கா. பால் ரன் அவுட் ஆச்சுன்னு சொல்லணும்."

"பாலு எங்க தம்பி ஓடுது?"

"ஓடல. தீந்துபோச்சு."

"அப்ப தீந்துபோச்சுன்னே சொல்ல வேண்டியதுதான லா."

புட் அப் வித் என்றால் சகித்துக்கொள்வது என்றேன். சகித்துக்கொள்ள எதற்கு மூன்று வார்த்தை என்று கேட்டாள். எனக்கு மண்டை காய்ந்தது. ஆனாலும் விடாப்பிடியாகப் படித்தாள். பிரிஞ்சாங் சந்தைக்குப் போகும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே போனாள். இன்டர்வியூவுக்குள் எல்லாம் மனப்பாடம்.

புது மேனேஜர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர், சின்ன வயது, தமிழர்தான். ஆனால் மேனேஜர் ரூமில் யார் இருந்தாலும் தோட்டத்துக்கு அவர் துரை. அக்கா போனாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். வேலை இல்லை. ஸிட் டவுன் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் அந்தம்மா புரியாமல் நின்றுகொண்டே இருந்தாராம், டூரிஸ்ட்டிடம் எப்படிப் பேசுவார் என்று துரை கேட்டதாக ஆபீஸ் கிளார்க், எங்கள் பாஷையில் கிராணி, வந்து சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஸிட் டவுனை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அது தெரியாதவர் உண்டா?

"ஏன்க்கா உக்காரல?"

"துரை முன்னால எப்படி தம்பி உக்கார்றது?"

"அவரே உக்காரச் சொன்னாருல்ல."

"அவரு மரியாதைக்குச் சொல்லுவாரு. அதுக்காக நம்ம உக்காந்துருவமா?"

அன்றைக்கு அவளிடம் கத்திவிட்டேன். எந்தக் காலத்தில் இருக்கிறாய், துரையும் மனுஷன்தான், நாற்காலி உட்காருவதற்குத்தான் என்றெல்லாம் பேசினேன். கிராணியின் கையைக் காலைப் பிடித்து இன்னொரு தடவை பார்க்க ஏற்பாடு செய்தேன். அதுவரை ஒரே பயிற்சிதான். நான் துரை மாதிரி மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஸிட் டவுன் என்பேன், அவள் உட்கார வேண்டும். பாதி உட்கார்ந்து எழுந்துவிடுவாள். திட்டுவேன். மறுபடி உட்காருவாள்.

இந்தத் தடவை அவளை நம்பாமல் நானும் கூடப் போனேன். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. துரை எங்கள் இருவரையும் பார்த்து ஸிட் டவுன் என்றார். அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

"நீங்களும் உட்காருங்க சார்" என்று துரை தமிழிலேயே சொன்னார்.

உட்காரத்தான் நினைத்தேன். முழங்கால் மடங்கவில்லை. அந்த வாசலில் அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைத்தான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர் உள்ளே போய் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பரவால்ல துரை, நின்னுக்கிறேன்" என்றேன்.

நான் யாரையும் துரை என்று கூப்பிட்டதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கோன் ரன் அவுட் ஆனால் என்ன செய்வீர்கள் என்று அவர் இங்கிலீஷில் அக்காவிடம் கேட்டார். ஸாரி சொல்லி வேறு கேக் காட்டுவேன், கஸ்டமரை லுக் ஆஃப்டர் பண்ணுவேன் என்று அவளும் இங்கிலீஷில் பதில் சொன்னாள். துரை சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். காலி நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஸிட் டவுன் லா, தம்பி."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.