மார்கரெட்டின் நாற்பது வருட அனுபவம்

இங்கிலாந்துக்கு உலகின் மறுகோடியில், வென்ட்வேர்த்வில்லில் இருந்தபடி யசோதரன் இங்கிலாந்துக்காரருக்கு இணையப் பிங்கோ தளங்களைச் சிபாரிசு செய்து எழுதிவந்தான். அதைப் படித்து யாராவது சேர்ந்தால் அவனுக்குத் தரகு உண்டு. அவன் பிங்கோ ஆடியதே இல்லை. ஆகவே நாற்பது வருடம் ஆடிய மார்கரெட் என்ற கற்பனைச் சீமாட்டியின் பெயரில் எழுதினான். தேடலில் அவளுக்கே முதலிடம்.

ஒருநாள் தேடுபொறிக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, உண்மையான அனுபவம் இல்லையென்று மார்கரெட்டை ஆறாம் பக்கத்துக்குத் தள்ளியது.

"அப்ப ஒருக்கா போய் விளையாடிப் பாருங்கோவன்," என்றாள் மனைவி கஜந்தி.

போனான். அருகிலிருந்த லிட்கமில் ஒரு கிளப்பில், கூப்பிட்ட எண்ணைத் தவறாகக் கேட்டு, தன் சீட்டு நிறைந்து வென்றுவிட்டதாக எண்ணி "பிங்கோ!" என்று கத்தினான். மண்டபமே முறைத்தது. அந்த அவமானத்தை முதன்முறையாகச் சொந்தப் பெயரில், உள்ளது உள்ளபடி எழுதினான்.

தேடுபொறி அதை எந்தப் பக்கத்திலும் காட்டவில்லை. கஜந்தி மட்டும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா ஆரப்பா இதை நம்பப்போகினம்?"